சுவருக்கு அந்தப் பக்கம் கடல்

மார்கழி பிறந்துவிட்டால் அடி அண்ணாமலையில் விடியற்காலை நாலரைக்கெல்லாம் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடும். திருவெம்பாவை. கிரிவலப் பாதையில் எங்கள் ஊரில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் இங்கே உட்கார்ந்துதான் அந்த 20 பாட்டையும் பாடினார் என்பது ஊர் நம்பிக்கை. போர்வைக்குள் சுருண்டபடி கேட்டுக்கேட்டே எனக்கு அவை மனப்பாடம். ஒருத்தி இன்னொருத்தியை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் இன்னும் தூங்குகிறவளைக் கேலி செய்கிறார்கள். எல்லோரும் கூட்டமாகப் பொய்கைக்குப் போய்க் குதித்து, தண்ணீரை அடித்துக் கலக்கி ஆடுகிறார்கள்.

எட்டு வயதில் ஆயாவிடம் கேட்டேன்.

"ஆயா, பாட்டுல வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நீச்சல் தெரியுமா?"

"தெரியாமயா கொளத்துல எறங்குவாளுங்க?"

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கத்துக்குடுக்க மாட்டேங்கறீங்க?"

"அதுங்கல்லாம் சாமி புள்ளைங்க. நீ போயி வாசல் தெளி."

நீந்துவதற்கு ஊரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. பெரியப்பா நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. கல்லுக்கட்டுப் போட்டு, படி வைத்த பெரிய கிணறு. கோடை லீவு முழுக்க அண்ணன்கள் அதில்தான் கிடப்பார்கள். முதலில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, அப்புறம் காலி கேன் கட்டி, அப்புறம் எதுவுமே கட்டாமல். மோட்டார் ரூம் மேலிருந்து பல்டி வேறு. நான் மேட்டில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துக்கொள்வேன். காலனிப் பையன்கள் அந்தக் கிணற்றுப் பக்கம் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஏரிதான். ஏன் அப்படி என்று நான் யாரையும் கேட்டதில்லை. எனக்கு நடந்தது மட்டும்தான் அப்போது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல உண்டு. எங்கள் ஊர்ப் பக்கமும் ஒன்று. 1990-இல் வந்த குடும்பம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா எங்கள் பள்ளியில் படித்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒரு மே மாத மதியம், கிணற்றில் யாரும் இல்லாத நேரம், அவரை அழைத்துப் போய்க் கிணற்றைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாவாடை சட்டையோடு படி இறங்கிப் போய்விட்டார். அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நாலு முறை போய்வந்தார். அப்புறம் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தார். ஒரு பெண் தண்ணீர்மேல் அப்படிப் படுத்துக் கிடப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பயமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

யாரோ பார்த்துவிட்டார்கள். ராத்திரி வீட்டில் பெரிய சத்தம். முகாம்காரப் பெண், அதுவும் வயசுக்கு வந்த பெண், கிணற்றில் இறங்கிவிட்டது! மறுநாள் படி வாயில் முள் வெட்டிப் போட்டார்கள்.

நீச்சல் எங்கே படித்தீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டேன். "கீரிமலையில. எங்கட ஊர்க் கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் கடல்" என்றார்.

கடலையே பார்த்திராத பத்து வயதுப் பெண்ணுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. திருவண்ணாமலையில் ஓர் ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர். கடல் பார்க்க ஆசைப்பட்ட ஒரு ராணிக்காக வெட்டியது என்று கதை சொல்வார்கள். எங்கள் ஊரில் கடல் என்றால் அதுதான். கடலுக்கும் குளிக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு சுவர் மட்டும் இருக்கும் இடம் எப்படி இருக்கும்? இருபத்து மூன்று வருடம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன்.

*

தண்ணீரில் இறங்குவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! குளித்தல், நீராடல், புனலாடல், கடலாடல், தீர்த்தமாடல், முழுக்கு, நீச்சல். பழைய இலக்கியத்தில் இவற்றை வெட்கமில்லாமல் அனுபவிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பரிபாடலில் மொத்தம் 70 பாட்டு இருந்ததாகச் சொல்வார்கள். நமக்கு முழுதாகக் கிடைத்தவை 22. அதில் 8 வையையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டு மதுரையே ஆற்றுக்கு ஓடுகிறது. சங்கப் பாட்டுகளில் பெண்கள் ஆற்றில் இறங்கும்போது கையில் ஒரு புணை இருக்கும். வேழம் என்கிற நாணல் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அண்ணன்கள் முதுகில் கட்டிய காலி கேனுக்கும், நகரத்து நீச்சல்குளத்தில் கொடுக்கிற நுரைப்பலகைக்கும் அதுதான் மூதாதை. மிதக்க ஒரு துணை வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு பயத்தைத் தாண்ட வேண்டும் என்பது இரண்டாயிரம் வருடமாக மாறவில்லை.

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. புகார் நகரமே கடலாடப் போகிறது, கோவலனும் மாதவியும் போகிறார்கள். அவர்கள் பிரிவது அந்தக் கரையில்தான். அகநானூற்றில் பரணர் சொல்லும் ஆட்டனத்தி கதையை இன்னும் அதிகம் யோசித்திருக்கிறேன். காவிரி விழாவில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டனத்தியை ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. ஆதிமந்தி தேடி அலைகிறாள். மருதி என்ற பெண் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள். ஆட்டனத்தியையும் ஆதிமந்தியையும் வைத்துப் பின்னால் வந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மருதிக்கு எப்போதும் ஒரு வரிதான். கடல் அறிந்த பெண் ஒருத்தி நம் இலக்கியத்தில் வந்து, வந்த வேகத்தில் மறைந்துபோகிறாள்.

பக்திக் காலத்தில் ஆட்டம் நோன்பாகிறது. திருவெம்பாவையிலும் திருப்பாவையிலும் நீராடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது: நல்ல கணவன், நல்ல மழை. காரணம் வந்தபிறகும் அந்தப் பாட்டுகளில் தண்ணீரின் சந்தோஷம் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பாட்டில் இருந்தது தெருவில் இல்லை. கோயில் குளம் தீர்த்தமானது. தீர்த்தத்தில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறிவிட வேண்டும். பாவம் போக, தோஷம் போக, அழுக்குப் போக. சும்மா, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு பெண் தண்ணீரில் அரைமணி நேரம் கிடப்பதற்கு ஒரு நியாயம் இல்லாமல் போனது. எங்கள் கிணற்றில் அன்று முள் விழுந்ததற்குக் காரணம் அக்கா குளித்தது அல்ல. அவர் சந்தோஷமாகக் கிடந்ததுதான்.

*

நான் நீச்சல் கற்றுக்கொண்டது 29 வயதில், சென்னையில். காலை ஆறரை மணி லேடீஸ் பேட்ச். முதல் நாள் கம்பியைப் பிடித்த கையை விட மாட்டேன் என்று நின்றேன். பக்கத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் நுரைப்பலகையோடு என்னைக் கடந்து போனார். "மூச்ச விடும்மா. தண்ணிக்குள்ள விடு. வெளிய வந்து எடு. அவ்ளோதான்" என்றார். மொத்த நீச்சலும் அந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது.

பக்கத்திலேயே அவ்வளவு பெரிய கடல். ஆனால் மெரினாவில் யாரும் நீந்துவதில்லை. கால் நனைப்பார்கள், முழங்கால் வரை போவார்கள், போலீஸ் விசில் ஊதும். சோழமண்டலக் கரை ஏறத்தாழ நேர்க்கோடு. அலையைத் தடுத்துத் தணிக்கும் வளைகுடாக்கள் குறைவு, பாறைகளும் குறைவு. கரையோர நீரோட்டம் ஆண்டில் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கியபோது அந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படி வந்தது. சுவரின் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரு சுவர் ஒரு பக்கம் கொடுப்பதை இன்னொரு பக்கம் எடுத்துக்கொள்ளும்.

கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் நீச்சல் தெரியாது என்பதை நான் உணர்ந்தது சுனாமிக்குப் பிறகு. ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் கடலூர் மாவட்டக் கணக்கு இருக்கிறது: இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. பல காரணங்கள் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆண்கள் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அங்கே அலை உயரவில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், இடுப்பில் குழந்தை இருந்தது, புடவை காலைச் சுற்றியது. அந்தப் பட்டியலில் இதுவும் இருக்கிறது: ஆண் பிள்ளைகளுக்கு மரம் ஏறவும் நீந்தவும் தெரிந்திருந்தது. அவ்வளவு பெரிய அலையில் நீச்சல் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று கேட்கலாம். கேட்டுவிட்டு அந்த இரண்டு எண்களையும் மறுபடி ஒருமுறை பார்த்தால் போதும்.

*

முகாம் அக்கா ஊர் திரும்பிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் தெரிந்தது. 2018 ஆடியில் கிளம்பினேன். கொழும்பிலிருந்து ரயில் இப்போது காங்கேசன்துறை வரை போகிறது. போருக்குப் பின் 2015-இல்தான் அந்தக் கடைசித் துண்டு திரும்பத் திறந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் தண்ணீர் அதில் இறங்கி, கல்லுக்குள் இருக்கும் பிளவுகளிலும் குகைகளிலும் தங்கி, மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. கடல்நீர் கனம், நன்னீர் லேசு. அதனால் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்தபடி கரையோரத்தில் கசிந்து வெளியேறும். கீரிமலையில் அது ஊற்றாகவே வெளிவருகிறது. வந்த தண்ணீர் கடலில் கலக்கும் முன் சுவர் கட்டிப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அதுதான் கேணி. நிரம்பி மிஞ்சுவது கடலுக்குப் போகிறது.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதை. கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் இங்கே தினமும் நீராடி மனித முகம் பெற்றார். இன்னொரு கதை: குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி இங்கே வந்து தங்கி, நாள் தவறாமல் நீராடிக் குணமானாள். குதிரை முகம் விட்டுப்போன இடம் மாவிட்டபுரம். அங்கே அவள் முருகனுக்குக் கோயில் எடுத்தாள். எனக்கு அந்தக் கதை வேறு விதமாகப் பிடித்திருக்கிறது. வீட்டை விட்டுத் தொலைவில் தங்கி, தினம் காலையில் ஒரு கடலோரக் கேணியில் இறங்கி, அதனாலேயே வேறு முகம் பெற்று எழுந்த ஒரு பெண். தொடர்ந்து நீந்துகிற யாரும் இதை ஐதிகம் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

ஆண்களுக்குப் பெரிய கேணி. திறந்தவெளி, கடலை ஒட்டி. படியில் உட்கார்ந்தால் சுவருக்கு அப்பால் நீலம் தெரியும். பெண்களுக்குத் தனியாகச் சின்னக் கேணி, சுற்றிலும் உயரமான சுவர். அக்கா சொன்ன அந்தச் சுவர் எது என்று அப்போதுதான் புரிந்தது. பெண்கள் கேணியிலிருந்து கடல் தெரியாது. காதில் மட்டும் விழும்.

"பயப்படாமல் இறங்குங்கோ, தங்கச்சி. இது உங்கட கிணறு மாதிரி இல்லை, ஆழம் குறைவு" என்றார் அக்கா.

பதினோரு நாள் இருந்தேன். தினமும் காலை போனோம். முதல் நாள் அந்தக் குளிர் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. கல்லுக்குள்ளிருந்து வருகிற தண்ணீருக்கு ஒரு குளிர் உண்டு. தோலில் நிற்காமல் நேரே எலும்புக்குப் போகும். இரண்டு கைவீச்சுக்குப் பிறகு அதே குளிர் இனிக்க ஆரம்பிக்கும். நீச்சல்குளத்து மருந்து நெடி இல்லை. உதட்டில் லேசான உவர்ப்பு மட்டும். மூன்றாம் நாள்வரை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சாம் நாள் எண்ணிக்கை மறந்துபோனது. தலையை உள்ளே விட்டால் உலகம் அணைந்துவிடும், என் மூச்சுக் குமிழ்கள் மட்டும் கேட்கும். தலையைத் தூக்கினால் கடல். மறுபடி உள்ளே. இந்த மாறிமாறி வருதல்தான் சுகம் என்று நினைக்கிறேன். ஒருநாள் நீந்தினால் அது விளையாட்டு. தினமும் நீந்தினால் உடம்பு அதற்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது. ராத்திரி படுக்கும்போதே தோள்கள் விடியலை நினைத்துக்கொள்ளும். மல்லாந்து படுக்க அங்கேதான் எனக்கு வந்தது. காது தண்ணீருக்குள், முகம் வெளியே. சுவர் மேலே ஒரு சதுர வானம். பத்து வயதில் நான் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்தக் காட்சிக்குள் நானே படுத்திருந்தேன்.

அங்கே வருகிற பெண்களும் சுகத்தில் ஒரு பங்கு. பாட்டிகள் கழுத்தளவு நின்று ஊர்க்கதை பேசுவார்கள். ஒருவர் கண்ணை மூடித் தேவாரம் சொல்வார். பள்ளிப் பிள்ளைகள் குதித்து எல்லோர் மேலும் தண்ணீர் தெளித்துத் திட்டு வாங்குவார்கள். எல்லோருமே ஒருகாலத்தில் இந்த ஊரை விட்டு ஓடியவர்கள். 1990-இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானது. நகுலேஸ்வரம் கோயில் குண்டுவீச்சில் சிதைந்தது. அதற்கு முன் போர்த்துக்கீசர் இடித்ததும், ஆறுமுக நாவலர் திரும்பக் கட்ட வேண்டும் என்று முயன்றதும் பழைய கதை. இந்தமுறை கோயிலோடு ஊரும் போனது. ஊர்க்காரர்கள் இல்லாத அந்த வருடங்களிலும் ஊற்று மட்டும் நிற்காமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

இந்தக் கரை பெரிய நீச்சல்காரர்களைப் பெற்ற கரை. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் 1971-இல் போய், திரும்பியும் வந்தார், 51 மணி நேரத்தில். 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரை விட்டார். அவர்கள் பெயரை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பெண்களில் யார் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். "பெண்கள் கேணிக்குச் சுவர் இருக்குத் தானே. ஆர் நீந்தினது எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரம் முருகன் தீர்த்தமாடக் கீரிமலைக்கு வருகிறார். தகப்பனை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கடன் கழிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றபோது அக்காவின் மாமா ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார்: "68-இல இந்தக் கோயில் வாசல்லதான் எங்கட ஆக்களை மறிச்சவை." 1957-இலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 1968-இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக அமைதியாகக் காத்திருந்தார்கள். மறித்தவர்களின் முன்னால் நின்றவர் செ. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எங்கள் கிணற்றில் இறங்கியபோது ராத்திரி வீட்டில் கேட்ட சத்தத்தில் 'முகாம்' என்ற சொல்லும் 'பொண்ணு' என்ற சொல்லும் மட்டும்தான் எனக்குக் கேட்டிருந்தன. மூன்றாவதாக ஒரு சொல்லும் இருந்திருக்கிறது. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

அக்காவின் தங்கை சிட்னியில் இருக்கிறார். வாரம் இரண்டு நாள் ரயிலும் பஸ்ஸும் மாறிக் கூஜி கடற்கரைக்கு வந்து நீந்துகிறார். வீடியோ காலில் காட்டினார். பாறைக்கு நடுவே ஒரு குளம், ஒரு பக்கம் தாழ்ந்த சுவர், அதைத் தாண்டி வெள்ளையாக அலை வழிந்து குளத்துக்குள் விழுகிறது. "பாருங்கோ, கீரிமலை மாதிரியே!" என்றார். பிறகு திருத்தினார்: "இஞ்ச கடலே உள்ளுக்கு வருது."

நான் அங்கே போனதில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் குளங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நியூ சவுத் வேல்ஸ் கரையில் இப்படி ஏறத்தாழ நூறு கடல்குளங்கள் உண்டு. அங்கே கரையில் மணற்கல் பாறை மேடையாக நீண்டு கிடக்கிறது. அதைக் குடைந்து, சுவர் வைத்தால் குளம். ஓதம் ஏறும்போது அலை சுவர் தாண்டி வந்து தண்ணீரை மாற்றும். இறங்கும்போது அமைதியாகிவிடும். மோட்டாரும் குளோரினும் இல்லாமல் கடலே குளத்தைப் பார்த்துக்கொள்கிறது. சுறாவும் இழுவை நீரோட்டமும் வெளியே.

மிகப் பழையவற்றில் ஒன்று நியூகாசிலில் இருக்கும் போகி ஹோல். 1819 வாக்கில், அங்கே அதிகாரியாக இருந்த மேஜர் மோரிசெட் தான் குளிப்பதற்காகத் தண்டனைக் கைதிகளை வைத்துப் பாறையில் வெட்டினார். 'போகி' என்பது அந்த மண்ணின் பூர்வகுடிச் சொல், குளித்தல் என்று பொருள். உழைப்பு கைதியுடையது, சொல் பூர்வகுடியுடையது, குளம் மட்டும் வெள்ளை அதிகாரியுடையது. நம் ஊர்க் கிணறுகளின் வரலாறும் இதே வாய்ப்பாடுதான். வெட்டியவர் ஒருவர், இறங்குகிறவர் இன்னொருவர்.

1838-இல் ஒரு சட்டம்: காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை பொதுப் பார்வை படும் இடத்தில் யாரும் நீராடக் கூடாது. அந்தச் சட்டத்தின் நிழல் அறுபது வருடத்துக்கும் மேல் நீடித்தது. 1902-இல் மேன்லி கடற்கரையில் கோச்சர் என்ற பத்திரிகையாளர் அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் இறங்கினார்.

கூஜியிலேயே வைலிஸ் பாத்ஸ் என்ற கடல்குளம் 1907-இல் வந்தது. கட்டியவரின் மகள் மினா வைலி. தோழி ஃபேனி டூராக். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்கு நீச்சல் போட்டி. இருவரையும் அனுப்புவதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது அவர்களுடைய சொந்தப் பெண்கள் சங்கத்தின் விதி: ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது. அதைக் காத்து நின்ற சங்கத் தலைவி ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கப் போராடியவர்! ஆண்களின் பார்வையிலிருந்து பெண்களைக் காக்க வேண்டும் என்பது அவர் வாதம். விதி தளர்ந்தது, அவர் விலகினார். 100 மீட்டரில் டூராக் தங்கம், வைலி வெள்ளி. நம் நாட்டில் கொல்கத்தா ஆரத்தி சாஹா ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது 1959-இல். அப்படிக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்.

ரோஸ் ஸ்காட்டைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அக்காவின் தங்கை நீந்துகிற இடம் வைலிஸ் இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மகைவர்ஸ் பெண்கள் குளம். 1886-இல் கட்டியது, இன்றும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். ஆண்களை விடாதது பாகுபாடு என்று புகார் வந்தபோது, 1995-இல் அரசு சட்டத்திலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்தது. நுழைவுக்கு நீண்ட காலம் 20 சென்ட் காசுதான். அங்கே பர்தா போடும் பெண்கள் வருகிறார்கள், மார்பகம் எடுத்த பெண்கள் வருகிறார்கள், எழுபது வயதுப் பாட்டிகள் வருகிறார்கள். "இஞ்ச ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை. அதுதான் சுகம்" என்றார் தங்கை. கீரிமலைப் பெண்கள் கேணியில் எனக்குக் கிடைத்ததும் அதுதான். அந்த உயரமான சுவர் என்னிடமிருந்து கடலை மறைத்தது. அதே சுவர்தான் என்னைப் பயமில்லாமல் மல்லாக்கப் படுக்கவும் விட்டது.

ஆகவே எல்லாச் சுவரும் ஒன்றல்ல. பம்பாயில் பிரீச் கேண்டி என்று கடலோரத்தில் ஒரு நீச்சல்குளம் உண்டு. அங்கே ஒரு குளம் பிரிக்கப்படாத இந்திய வரைபடத்தின் வடிவில் கட்டப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருடம் அதில் இந்தியர்கள் இறங்க முடியாது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊரான மோரியில் நகராட்சி நீச்சல்குளத்துக்குள் பூர்வகுடிக் குழந்தைகளை விடமாட்டார்கள். 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர், சிட்னி பல்கலைக்கழகத் தோழர்களோடு பஸ்ஸில் வந்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் நின்றார். முட்டையும் தக்காளியும் பறந்தன. குழந்தைகள் நீந்தினார்கள். அதற்கு 38 வருடம் முன்னால், 1927 மார்ச் 20 அன்று, அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அங்கே பிரச்சினை குடிநீர், இங்கே விளையாட்டு. ஆனால் பயம் ஒன்றுதான். தண்ணீர் உடம்பைத் தொட்ட இடத்திலிருந்து அடுத்த உடம்புக்குப் போகும். நடுவே கோடு போட முடியாது. அந்தப் பயம் உள்ளவர்கள் குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். பயந்தவர்களே ஒதுங்கி நீந்தத் தங்களுக்குள் எழுப்பிக்கொள்ளும் சுவர் வேறு. உள்ளே இருக்கிறவருக்கு வெளியே போக வழி இருக்கிறதா, வெளியே இருக்கிறவர் யாரால் நிறுத்தப்பட்டார் என்று கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

*

இப்போது ஊரிலேயே இருக்கிறேன். போர் போட்ட பிறகு பல கிணறுகள் வற்றின, சில குப்பைக்குழி ஆயின. கிரிவலப் பாதையோர நிலமெல்லாம் பிளாட். பெரியப்பா கிணறு மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. இப்போது பெரிய அண்ணனுடையது.

போன வருடம் அண்ணன் மகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அண்ணன் சரி என்றார். தனியாக வேண்டாம், அவள் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் வரட்டும் என்றேன். அதற்கும் சரி. பெயர்களைச் சொன்னேன். இரண்டு பேர் காலனி, ஒரு பெண் முகாம். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "காலைல ஆறு மணிக்குள்ள முடிச்சிடு. ஊரு முழிக்கறதுக்குள்ள" என்றார்.

ஆறு மணி! நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை அண்ணன் படித்திருக்க வாய்ப்பில்லை. சண்டை போடலாம் என்று தோன்றியது. போடவில்லை. சரி என்று வாங்கிக்கொண்டேன். அது சரிதானா என்று இப்போதும் முழுதாகத் தெரியவில்லை. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்ற ஒரு நம்பிக்கை.

மார்கழியில் வெளியே பனி கொட்டும்போது கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே ஆவி படர்ந்திருக்கும். முதுகில் கேன் கட்டிய ஐந்து பெண்கள் படியில் வரிசையாக நிற்பார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். "மூச்ச தண்ணிக்குள்ள விடு, வெளிய வந்து எடு" என்று கத்துவேன். ஒருத்தி குதிப்பாள். மற்றவள் தயங்குவாள். குதித்தவள் கேலி செய்வாள். பாட்டில் இருப்பதும் இதுதான். மூன்று பேருக்கு இப்போது கேன் வேண்டாம். முகாம் பெண் மல்லாந்து படுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் படத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். "சுவர் வடிவாத்தான் இருக்கு, கடல் எங்கே?" என்று அக்கா பதில் போட்டிருந்தார்.

முதல் மாதம் சரியாக ஆறு மணிக்கு முடித்தோம். அப்புறம் ஆறரை ஆனது. போன வாரம் ஏழே கால். அண்ணன் மோட்டார் போட வந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மேட்டில் கிடந்த பிள்ளைகளின் செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.